வைரசிடம் இல்லாத பட்டறை

"டாக்டர், ஆண்டிபயாடிக் ஒண்ணும் கொடுக்கலையே?"

சளி பிடித்த பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் நம்மிடையே குறைவு. கிளினிக் முகப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மருந்துப் பையை நீட்டுவார்கள். காய்ச்சலுக்கு ஒரு புட்டி, இருமலுக்கு ஒரு புட்டி, மூக்கடைப்புக்கு ஒன்று. நான்காவதாகக் குலுக்கிக் குடிக்கும் ஆண்டிபயாடிக் புட்டி இல்லையென்றால், கொடுத்த பணத்துக்குக் குறை வைத்துவிட்டதாக ஒரு நினைப்பு. அடுத்த முறை வேறு கிளினிக்குக்குப் போகிறோம். 'அந்த டாக்டர் நல்லாப் பார்க்கிறார்' என்பதற்குப் பல வீடுகளில் 'கேட்டால் கொடுக்கிறார்' என்றுதான் பொருள்.

கொடுக்க மறுக்கும் டாக்டர், 'இது வைரஸ், ஆண்டிபயாடிக் வேலை செய்யாது' என்பார். ஏன் வேலை செய்யாது என்று கேட்டால், வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது அவரால் உட்கார்ந்து விளக்க முடியாது. அந்த விளக்கம் படிவம் 4 உயிரியல் பாடநூலிலேயே இருக்கிறது. உயிரணுவின் படத்தில் நடுவே பெரிய உருண்டையாக உட்கரு, அதைச் சுற்றி மிளகுத் தூள் தூவியதுபோல் ரைபோசோம்கள். பெயரைக் குறித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறோம். அந்த மிளகுத் தூளின் உருவத்தை அணு அணுவாகக் கண்டு சொன்னதற்காக 2009ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்தவர்.

முதலில் உட்கரு. அதைக் கவனித்துப் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர். 1831ல் லண்டனில் அவர் படித்த கட்டுரை ஆர்க்கிட் செடிகளையும் எருக்கங்குடும்பச் செடிகளையும் பற்றியது. ஆர்க்கிட் இலையின் மேல்தோலை நுண்ணோக்கியில் வைத்தபோது, ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு வட்டப் புள்ளி இருப்பதைக் கண்டார். அவருக்கு முன்பும் சிலர் அதைப் பார்த்திருந்தார்கள். எல்லா உயிரணுவிலும் இருக்கிறதே என்று யோசித்தவர் இவர். லத்தீனில் பருப்பு, கொட்டை என்று பொருள்படும் 'நியூக்ளியஸ்' என்ற சொல்லைச் சூட்டினார். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் பூவைப் படம் எடுத்துக்கொள்பவர்கள், அந்தச் செடியின் தோலில்தான் உட்கருவுக்குப் பெயர் கிடைத்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். பிள்ளையாருக்குச் சாத்தும் எருக்கம்பூவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நம் உடம்பில் ஓர் உட்கருவின் குறுக்களவு ஏறக்குறைய ஆறு மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஆறு பங்கு. அதற்குள் 46 குரோமோசோம்களாகச் சுருட்டி வைத்திருக்கும் டிஎன்ஏ நூலை நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் வரும். வீட்டு வாசற்கதவின் உயரத்துக்கு நூல், கண்ணுக்கே தெரியாத ஓர் உருண்டைக்குள்! எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் அந்த நூலில்தான்.

இதைப் புரிந்துகொள்ள லிட்டில் இந்தியாவின் நகைக்கடை ஒன்றை மனத்தில் வையுங்கள். கடையின் எல்லா வடிவங்களும் வரைந்த தலைமைப் புத்தகம் ஒன்று உள்ளறையில் பூட்டி இருக்கிறது. அது ஒருநாளும் வெளியே வராது. அட்டிகைக்கு ஆர்டர் வந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் நகலெடுத்துப் பின்கட்டுப் பட்டறைக்கு அனுப்புவார்கள். ஆசாரி சீட்டைப் பார்த்துச் செய்வார். சீட்டு கசங்கிக் கிழிந்தாலும் கவலையில்லை, இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். புத்தகம் கிழிந்தால் கடையே போயிற்று.

உள்ளறைதான் உட்கரு. தலைமைப் புத்தகம் டிஎன்ஏ. நகல் சீட்டுக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். பட்டறைதான் ரைபோசோம்.

உள்ளறைச் சுவர் இரட்டைச் சவ்வு. அதில் ஆயிரக்கணக்கில் சிறு வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றும் காவலாளி நிற்கும் வாசல். சீட்டு வெளியே போகலாம், தேவையான புரதங்கள் உள்ளே வரலாம், மற்றது எதுவும் சும்மா நுழைய முடியாது. மூலத்தில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள நம் நாட்டில் தூரம் போக வேண்டியதில்லை. தலசீமியா குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் 'ஹீமோகுளோபின் ஈ' என்ற வகையில், 146 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியின் 26ஆம் இடத்தில் மட்டும் ஒன்றுக்குப் பதில் வேறொன்று வந்துவிடுகிறது. புத்தகத்தில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு. அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சீட்டிலும் அதே பிழை இருக்கும், பிள்ளைகளுக்கும் அது போகும்.

உட்கருவுக்குள் இன்னும் கருமையாக ஒரு திட்டு தெரியும். நியூக்ளியோலஸ் என்பார்கள். ரைபோசோம்கள் உருவாவது அங்கேதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனித ரைபோசோமில் நான்கு ஆர்என்ஏ இழைகளும் எண்பது அளவில் புரதங்களும் இருக்கின்றன. அந்தப் புரதங்களை உட்கருவுக்கு வெளியே ஏற்கெனவே உள்ள ரைபோசோம்கள் செய்து உள்ளே அனுப்ப, உள்ளே அவை ஆர்என்ஏவோடு கோக்கப்பட்டு, பெரிய பாதி, சின்னப் பாதி என்று தனித்தனியாக வாசல் தாண்டி மறுபடி வெளியே வருகின்றன. புது ஆசாரியின் கையையும் உளியையும் பழைய ஆசாரிகளே செய்து கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆசாரி எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி உயிரின் தோற்றம் வரை இழுத்துக்கொண்டு போகும். அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

ரைபோசோமின் வேலை கோப்பது. இருபது வகை அமினோ அமிலங்கள் இருபது வகை மணிகள். சீட்டில் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அந்த மூன்றெழுத்து எந்த மணியைச் சொல்கிறதோ அதை எடுத்து முந்தைய மணியோடு இணைக்க வேண்டும். மணியைக் கொண்டுவந்து கொடுக்க எடுபிடி ஆள்களாகச் சிறிய ஆர்என்ஏக்கள் உண்டு. பாக்டீரியாவின் ரைபோசோம் வினாடிக்கு இருபது மணி வரை கோத்துவிடும். நம்முடையது நிதானம், வினாடிக்கு ஐந்தாறு. கோத்து முடித்த சங்கிலி மடிந்து இன்சுலினாகிறது, தசையாகிறது, முடியாகிறது, சோற்றைச் செரிக்கும் நொதியாகிறது. ஓர் உயிரணுவுக்குள் இப்படி லட்சக்கணக்கான பட்டறைகள் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ரத்தச் சிவப்பணு மட்டும் விதிவிலக்கு. முதிர்ந்ததும் உட்கருவையும் துறந்து ரைபோசோம்களையும் துறந்து, முழு இடத்தையும் ஹீமோகுளோபினுக்கே விட்டுவிடும். புதிதாக எதையும் செய்துகொள்ள வழியில்லாததால், பழுது பார்க்காத வண்டிபோல் 120 நாள் ஓடி அடங்கும்.

இந்தப் பட்டறைகளை 1950களின் நடுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புள்ளிகளாகக் கண்டவர் ஜார்ஜ் பலாடே. அதற்கும் சேர்த்துத்தான் 1974ல் அவருக்கு நோபல். ஆனால் புள்ளி புள்ளியாகவே நின்றுவிட்டது. உள்ளே எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதைக் காண ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி, கதிர் சிதறும் விதத்திலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். உப்பைப் படிகமாக்கலாம், கற்கண்டைப் படிகமாக்கலாம். பல லட்சம் அணுக்கள் கொண்ட, ஆடி அசையும் ஓர் இயந்திரத்தை எப்படிப் படிகமாக்குவது? இஸ்ரேலின் அடா யோனத் 1980வாக்கில் அதில் இறங்கியபோது, நடக்காத காரியம் என்றுதான் பலரும் சொன்னார்கள். குளிர்கால உறக்கத்தில் இருக்கும் துருவக் கரடியின் உயிரணுக்களில் ரைபோசோம்கள் வரிசை வரிசையாக ஒழுங்காக அடுங்கிக் கிடக்கும் என்று படித்தது அவருக்கு நம்பிக்கை கொடுத்தது. கரடிக்கு முடிவது பரிசோதனைக் குழாயிலும் முடியாதா என்ன? சூட்டையும் உப்பையும் தாங்கும் நுண்ணுயிர்களின் உறுதியான ரைபோசோம்களைத் தேடிப் போனார். முதல் படிகங்கள் அவரிடம்தான் விளைந்தன.

நம் சிதம்பரத்துக்காரர் இந்தப் போட்டிக்குள் வந்தது சுற்றுவழியில். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952ல் பிறந்தபோது தந்தை அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இருந்தார்; தாய் ராஜலட்சுமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு மூன்று வயதானபோது குடும்பம் குஜராத்தின் பரோடாவுக்குப் போனது. பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள். ஐஐடிக்கும் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கும் எழுதிய தேர்வுகளில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் மருத்துவத்துக்கு இடம் கிடைத்தும் அவர் இயற்பியலைத் தேர்ந்தெடுத்தார். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வரும் பருவத்தில் நம் வீடுகளில் கிளம்பும் வாக்குவாதத்தை நினைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் அது எப்படி முடிந்திருக்கும் என்று அறிய ஆசையாக இருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976ல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு, இது தனக்கு ஒத்து வராது என்று உயிரியலுக்குத் தாவினார். முனைவர் பட்டம் பெற்றவர், இருபது வயது மாணவர்களோடு மறுபடி முதல் பெஞ்சில். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோம் ஆராய்ச்சி. அங்கிருந்து ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தார்; ஒன்றும் அமையவில்லை. அரசு ஆராய்ச்சிக்கூடங்களில் ஆண்டுகள் கழிந்தன. யூட்டாவில் பேராசிரியர் ஆனபின், 1999ல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு மாறினார். நீண்ட கால வேலைக்கு அங்கே பொறுமையாகப் பணம் தருவார்கள் என்பது கணக்கு. மறு ஆண்டே, 2000ல், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமில் சின்னப் பாதியின் முழு உருவத்தை அவர் குழு வெளியிட்டது. யேலின் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு அதே ஆண்டில் பெரிய பாதியை வெளியிட்டது. 2009 நோபல், யோனத்தையும் சேர்த்து மூவருக்கும்.

பரிசு அறிவித்ததும் இந்தியாவிலிருந்து வந்து குவிந்த மின்னஞ்சல்களால் வேலை மின்னஞ்சலைத் தேட முடியவில்லை என்று அவர் சலித்துக்கொண்டார். ஊரில் பலருக்கு மனம் கோணியது. எனக்கு அவர் சலிப்பில் தப்பு தெரியவில்லை. மூன்று வயதில் ஊரை விட்டுப் போனவரை வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் ரைபோசோம் என்றால் என்னவென்று கேட்டிருப்பார்கள்?

அந்தப் படத்தில் என்ன தெரிந்தது என்பதில்தான் நம் கிளினிக் கேள்விக்கான பதில் இருக்கிறது. சின்னப் பாதி சீட்டைப் படிக்கும் இடம். எடுபிடி ஆள் கொண்டுவந்த மணி சரியானதா என்று பார்க்க, ரைபோசோமின் ஆர்என்ஏவில் இரண்டு எழுத்துகள் இருப்பிடத்திலிருந்து வெளியே திரும்பி, சீட்டும் ஆளும் பொருந்துகிறார்களா என்று தடவிப் பார்க்கின்றன. ஆசாரி விரலால் தடவிப் பார்ப்பதுபோலவே. பெரிய பாதி மணிகளை இணைக்கும் இடம். இணைக்கும் வேலையைச் செய்வது புரதம் இல்லை, ஆர்என்ஏவே என்பது அப்போதுதான் கண்முன் உறுதியானது.

பாக்டீரியாவுக்கும் ரைபோசோம் உண்டு. ஆனால் அதற்கு உட்கரு இல்லை. உள்ளறை இல்லாத பெட்டிக்கடை அது. புத்தகமும் சீட்டும் பட்டறையும் ஒரே மேசையில். சீட்டை எழுதி முடிப்பதற்குள்ளேயே ஆசாரி கோக்க ஆரம்பித்துவிடுவார். அந்த ரைபோசோம் நம்முடையதைவிடச் சிறியது. பாடநூலில் 70எஸ், 80எஸ் என்று போட்டிருப்பார்கள். 50எஸ் பாதியும் 30எஸ் பாதியும் சேர்ந்தால் எப்படி 70 என்று மாணவர்கள் விழிப்பது வழக்கம். எஸ் என்பது எடை இல்லை. வேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு விரைவில் அடியில் படிகிறது என்ற அளவு, அதனால் கூட்டல் கணக்குக்கு அடங்காது.

அளவில் மட்டுமா வித்தியாசம்? உள்ளே மடிப்புகளிலும் உண்டு. அந்த மடிப்புகளில் போய் மாட்டிக்கொள்வதுதான் ஆண்டிபயாடிக்குகளில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களின் தொழில் என்றுகூடச் சொல்லத் தோன்றும்; அத்தனை மருந்துகள் அங்கே குறி வைக்கின்றன. டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகியவை எடுபிடி ஆள் வந்து நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை கோத்த சங்கிலி வெளியேறும் குழாயில் உட்கார்ந்து வழி மறிக்கும். இந்த இரண்டாவது வகை நம் ரைபோசோமை விட்டுவிடுவதற்கு முக்கியக் காரணம் ஒரே ஓர் எழுத்து. பாக்டீரியாவில் 'ஏ' இருக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நமக்கு 'ஜி'. அந்த எழுத்தில் மருந்து பிடித்துக்கொள்வதில்லை. ஓர் எழுத்து வித்தியாசத்தில் கிருமி சாகிறது, பிள்ளை பிழைக்கிறது.

எல்லா ஆண்டிபயாடிக்கும் இப்படி இல்லை. குழந்தைகளுக்கு அதிகம் கொடுக்கும் அமோக்சிசிலின், பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். ஆனால் பட்டறையை நிறுத்தும் மருந்துகளில் வயதில் மூத்ததும் பேர் பெற்றதும் ஸ்ட்ரெப்டோமைசின். 1943ல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. காசநோய்க்கு முதல் மருந்து அதுதான். அது சின்னப் பாதியில் ஒட்டிக்கொண்டு, தடவிப் பார்க்கும் விரலை ஏமாற்றுகிறது. தவறான மணியையும் சரி என்று ஏற்க வைக்கிறது. பாக்டீரியா தனக்குத்தானே குப்பைப் புரதங்களைச் செய்துகொண்டு மடிகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் ஒட்டும் இடத்தை அணு அளவில் காட்டியதும் ராமகிருஷ்ணன் குழுதான், அதே 2000ல்.

ஸ்ட்ரெப்டோமைசின் கொல்லும் இன்னொரு கிருமி பிளேக். பிளேக் என்றதும் பினாங்குக்காரர்கள் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. டாக்டர் வூ லியென் தே 1879ல் இந்த ஊரில் பிறந்தவர். தந்தை பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜின் இமானுவேல் கல்லூரிக்குப் போய் மருத்துவரானார். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளை நோய் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பின் நகரத்துக்கு அனுப்பியது. பிணத்தை அறுத்துப் பார்த்து, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், எலியின் தெள்ளுப்பூச்சி கடிக்காமலே மூச்சில் பரவுகிறது என்றார். பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றார். அதை ஏற்காமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாள்களில் அதே நோயில் இறந்தார். ஏறக்குறைய 60,000 பேர் மாண்டபின் 1911 வசந்தத்தில் நோய் அடங்கியது.

வூவின் கையில் இருந்தவை முகக்கவசம், தனிமைப்படுத்தல், ரயிலை நிறுத்துதல், பிணங்களை எரித்தல். நோய் தொற்றியவருக்குக் கொடுக்க ஒரு சொட்டு மருந்து இல்லை. நுரையீரல் பிளேக் தொற்றியவர்கள் அநேகமாக எல்லாருமே இறந்தார்கள். பிளேக் கிருமியின் ரைபோசோமில் போய் மாட்டிக்கொள்ளும் மருந்து வர இன்னும் 30 ஆண்டுக்கு மேல் ஆனது. 1960ல் அவர் பினாங்கில் காலமானபோது, பிளேக் வேளையோடு கண்டுபிடித்தால் ஊசி போட்டுக் குணப்படுத்தும் நோயாகிவிட்டிருந்தது. ஆண்டிபயாடிக் என்ற பொருளின் மதிப்பு தெரிய வேண்டுமானால் ஹார்பினை நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் சளிக்குக் குலுக்கிக் குடிப்பது அந்த மதிப்புள்ள பொருளை.

இனி சளிக்கு வருவோம். சாதாரணச் சளி, ஃபுளூ, டெங்கி, கோவிட் எல்லாம் வைரஸ். வைரசுக்கு உட்கரு இல்லை, சுவர் கட்டும் வேலையும் இல்லை, ரைபோசோமும் இல்லை. ஒரு பொய்ச் சீட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அலையும் ஆள் அது, அவ்வளவுதான். நம் உயிரணுவுக்குள் புகுந்து சீட்டை நம் பட்டறையில் வைத்துவிடும். ஆசாரி சீட்டு யார் அனுப்பியது என்று கேட்பதில்லை, எழுதியிருப்பதைக் கோப்பார். வைரசின் புரதங்கள் எல்லாம் நம் ரைபோசோமில், நம் மணிகளால், நம் செலவில் செய்யப்படுபவை.

அசித்ரோமைசின் உள்ளே போய் வைரசின் பட்டறையைத் தேடினால் அப்படி ஒன்று இருந்தால்தானே? அங்கே இருப்பது நம் பட்டறை. அதை அந்த மருந்து தொடாது, தொடக்கூடாது என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அது போய்த் தாக்குவது நம் குடலில் சும்மா இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை. ஆண்டிபயாடிக் குடித்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். 'போன தடவை குடிச்சுச் சரியாச்சே' என்பார்கள். சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போகும். நான்காம் நாள் ஆண்டிபயாடிக் ஆரம்பித்தால் பெயர் அதற்குப் போகிறது. சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்பதும் தவறு; அந்த நிறம் நம் வெள்ளையணுக்களிலிருந்து வருவது.

உட்கருவையும் ரைபோசோமையும் குழப்பிக்கொண்டதால் பரவிய வதந்தி ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2021 பிப்ரவரியில் நம் நாட்டில் கோவிட் தடுப்பூசி தொடங்கியது ஃபைசரோடு. அது தூது ஆர்என்ஏ வகை. 'மரபணுவையே மாற்றிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது இன்றும் சில குடும்பக் குழுக்களில் தலைகாட்டுகிறது. அந்த ஊசியில் இருந்தது ஒரு சீட்டு. பட்டறைக்குப் போகிறது, வைரசின் மேல்முள்ளை மட்டும் செய்ய வைக்கிறது, சில நாளில் கிழிந்துபோகிறது. உள்ளறைக்குள் அது போவதில்லை. சீட்டிலிருந்து புத்தகத்தில் திருப்பி எழுத வேண்டுமானால் அதற்கென்று ஒரு தனி நொதி வேண்டும். எச்ஐவி வைரஸ் அந்த நொதியைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறது, அதனால்தான் அதை விரட்டுவது அத்தனை கடினம். தடுப்பூசியில் அந்த நொதி கிடையாது.

வேண்டாத இடத்தில் ஆண்டிபயாடிக் கொடுப்பதால் வரும் பெரிய கேடு வயிற்றுப்போக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் உடம்பில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்குள் ஒரு தேர்வு நடக்கிறது. மருந்து ஒட்டும் அந்த 'ஏ' எழுத்தின்மேல் ஒரு சின்ன மூடியைப் போட்டுக்கொள்ளும் வித்தை சில பாக்டீரியாக்களுக்குத் தெரியும். மூடி இருந்தால் எரித்ரோமைசின் பிடிக்காது. மற்றவை செத்து, மூடி போட்டவை பெருகும். அந்த வித்தையை எழுதிய டிஎன்ஏ துண்டைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பிள்ளைக்கோ, அதே வீட்டுப் பாட்டிக்கோ உண்மையான நிமோனியா வரும்போது மருந்து உதவாமல் போகலாம்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் ஆண்டிபயாடிக் விற்கக் கூடாது. சட்டம் கடையைக் கட்டுப்படுத்தும். நம் வீட்டு ஐஸ்பெட்டியை அல்ல. அண்ணனுக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் அரைப்புட்டியைத் தம்பிக்கு ஊற்றுவது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த நாலு மாத்திரையை வேலைக்குப் போகும் அவசரத்தில் விழுங்குவது எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. மிச்சம் இருந்தால் அரசு மருத்துவமனை ஃபார்மசியில் கொடுத்துவிடலாம். டாக்டரிடம் 'ஆண்டிபயாடிக் இல்லையா' என்பதற்குப் பதிலாக, 'இது வைரஸா பாக்டீரியாவா, எந்த அறிகுறி வந்தால் திரும்பக் கூட்டிவர வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குவது, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது இவற்றுக்கு நாள் கணக்குப் பார்க்க வேண்டாம், உடனே போக வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆண்டிபயாடிக்கே வேண்டாம் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அது அதைவிட ஆபத்து. எலிச் சிறுநீர் நோய் பாக்டீரியாவால் வருவது. ஆரம்பத்தில் டெங்கி மாதிரியே காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி. டெங்கிக்கு ஆண்டிபயாடிக் பயன்படாது. இதற்கு வேளையோடு டாக்சிசைக்ளின் போன்ற மருந்து கொடுக்காவிட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். இரண்டையும் முதல் நாளில் பிரித்துப் பார்க்க டாக்டருக்கு உதவுவது நீங்கள் சொல்லும் ஒரு தகவல்தான். கடந்த இரண்டு வாரத்தில் ஆற்றிலோ நீர்வீழ்ச்சியிலோ குளித்திருந்தால், வெள்ளத் தண்ணீரில் இறங்கி வீட்டைக் கழுவியிருந்தால், காலில் புண்ணோடு வடிகாலில் வேலை செய்திருந்தால், அவர் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லுங்கள்.